கிளிஞ்சல் கோட்டை

ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் ஊரில் கடல்கழியை ஒட்டி நிற்கிறது காஸ்தியோ தே சான் மார்கோஸ் கோட்டை. அதன் சுவரை முகம் வைத்துப் பார்த்தால் கல்லே தெரியாது; விரல் நகம் அளவுச் சிப்பிகள், முழுசும் உடைசலுமாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. கொக்கீனா என்பது இந்தக் கல்லின் பெயர். சிப்பி ஓடுகள் கரையோரம் குவிந்து, அவற்றின் சுண்ணாம்பே கரைந்து பசையாகி, பல்லாயிரம் ஆண்டுகளில் இறுகி உண்டானது. எதிரே இருக்கும் அனஸ்தாசியா தீவில் வெட்டி எடுத்தபோது ஈரமாக, மென்மையாக இருந்தது. நெடுநாள் காயவைத்த பிறகுதான் கட்டடத்துக்கு ஆனது.

ஸ்பானியர்கள் 1565-இல் இங்கே குடியேறினார்கள். மெக்சிகோவின் வெள்ளியை ஏற்றிய கப்பல்கள் இந்தக் கடற்கரையை ஒட்டித்தான் ஸ்பெயினுக்குத் திரும்பும் என்பதால் காவல் தேவைப்பட்டது. ஆனால் காசு செலவழிக்க மனம் வரவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் மரக்கோட்டைகளையே கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்று உளுத்தால் அடுத்தது. 1668-இல் ராபர்ட் சர்ல் என்ற ஆங்கிலக் கடற்கொள்ளையன் ஊரைச் சூறையாடினான். இரண்டே ஆண்டில் வடக்கே ஆங்கிலேயர் சார்லஸ்டன் குடியேற்றத்தை நிறுவினார்கள். அரசாங்கத்தின் கஜானா அப்போதுதான் திறந்தது.

1672-இல் வேலை தொடங்கியது. திட்டம் போட்ட பொறியாளர் இக்னாசியோ தாசா ஹவானாவிலிருந்து வந்தவர். கல் வெட்டியவர்கள், தூக்கியவர்கள், சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு செய்தவர்களில் பெரும்பகுதி குவாலே, திமுக்குவா, அப்பலாச்சி பழங்குடி மக்கள். அவர்களுடைய கத்தோலிக்க மிஷன் கிராமங்களிலிருந்து முறை வைத்து ஆள் அனுப்ப வேண்டும் என்பது கட்டளை. கூலி சொற்பம், கூடவே மக்காச்சோளம். ஐரோப்பாவிலிருந்து வந்த நோய்களால் அந்தக் கிராமங்கள் ஏற்கெனவே பாதி காலியாகிக்கொண்டிருந்த நேரம் அது. கோட்டை 1695-இல் முடிந்தது. அதை ஸ்பானியக் கட்டடக்கலை என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் புத்தகங்களை என்னால் ஏற்க முடியவில்லை.

1702-இல் ஆங்கிலேயரின் கரோலினா காலனி ஆளுநர் ஜேம்ஸ் மூர் முற்றுகையிட்டபோது ஊர் ஜனம் சுமார் 1,500 பேர் உள்ளே புகுந்துகொண்டார்கள். மாடுகளை அகழிக்குள் ஓட்டி நிறுத்தினார்கள். மூரின் பீரங்கிகளால் சுவரை எதுவும் செய்ய முடியவில்லை. கருங்கல்லாக இருந்திருந்தால் குண்டு பட்டு விரிசல் விட்டுச் சிதறியிருக்கும். கொக்கீனாவோ, சேற்றில் எறிந்த கல்லைப் போலக் குண்டை உள்வாங்கிக்கொண்டது. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து ஹவானாவிலிருந்து உதவிக் கப்பல்கள் வந்தன. மூர் ஊரைக் கொளுத்திவிட்டுப் பின்வாங்கினான். கோட்டைக்கு ஆபத்தில்லை, ஊர்தான் சாம்பல்.

1740-இல் ஜார்ஜியாவின் ஓகல்தார்ப் வந்து பார்த்தார். அவருக்கும் அதே கதிதான். அந்தப் போரில் இன்னொரு கோட்டையையும் சொல்ல வேண்டும். ஆங்கிலேயத் தோட்டங்களிலிருந்து தப்பி வந்த அடிமைகள் கத்தோலிக்கரானால் விடுதலை என்று ஸ்பானிய மன்னர் 1693-இல் அறிவித்திருந்தார். தர்மம் கொஞ்சம், எதிரியின் ஆள்பலத்தைக் குறைக்கும் கணக்கு அதிகம். அப்படி வந்தவர்களுக்காக 1738-இல் ஊருக்கு வடக்கே உருவானது மோசே கோட்டை. பிரான்சிஸ்கோ மெனெந்தெஸ் தலைமையிலான கறுப்பினப் படை அங்கே இருந்தது. ஓகல்தார்ப் பிடித்துக்கொண்ட மோசேயை மீட்டதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. மண்ணும் மரமுமாகக் கட்டிய அந்த இடத்தில் இன்று சதுப்பு நிலம்தான்.

காஸ்தியோவைச் சண்டையில் யாரும் பிடித்ததில்லை. ஒப்பந்தக் காகிதங்களில்தான் கை மாறியது: 1763-இல் பிரிட்டனுக்கு, இருபது ஆண்டு கழித்து மறுபடி ஸ்பெயினுக்கு, 1821-இல் அமெரிக்காவுக்கு. அமெரிக்கர்கள் அதைச் சிறையாக்கினார்கள். 1837-இல் செமினோல் தலைவர் ஒசியோலா இங்கே அடைக்கப்பட்டார். 1875-இல் சமவெளிப் பழங்குடிகளைச் சேர்ந்த எழுபதுக்கு மேற்பட்டவர்களை ரயிலேற்றிக் கொண்டுவந்தார்கள். அவர்களில் சிலர் கணக்குப் பேரேட்டுத் தாள்களில் காட்டெருமை வேட்டையையும் குதிரைகளையும் தாங்கள் வந்த ரயிலையும் வண்ணத்தில் வரைந்தார்கள். சுற்றுலா வந்தவர்கள் காசு கொடுத்து வாங்கிப் போனார்கள். சிறைப் பொறுப்பில் இருந்த ராணுவ அதிகாரி ரிச்சர்ட் பிராட், 1879-இல் பென்சில்வேனியாவின் கார்லைலில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். 1886-இல் கோட்டைக்கு அப்பாச்சிகள் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவரப்பட்டு, பீரங்கி மேடையில் கூடாரம் போட்டுத் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலரைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கார்லைலுக்கு அனுப்பினார்கள்.