பூட்டாத படலை

ஹெந்தளையில், கால்வாய்க்கு அண்மையிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில், சென்ற மாதம் ஒரு மாலை நாடகமொன்று நிகழ்ந்தது. திரையில்லை, ஒப்பனையில்லை. உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் பயிலும் என் மகள், குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்களின் 'எந்தையும் தாயும்' நாடகத்தை உரக்க வாசித்தாள். நானும், என் மனைவியும், யாழ்ப்பாணத்தை விட்டு எம்முடன் வந்து தங்கியிருக்கும் என் அன்னையாரும் செவிமடுத்திருந்தோம்.

1931இல் பிறந்து 2025 ஜனவரியில் மறைந்த சண்முகலிங்கம் அவர்கள், 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவி, நடிகர் பலரை உருவாக்கியவர். 1985இல் மேடையேறிய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தில் ஒரு சமூகத்தின் பாடுகளைக் காட்டிய அவர், இந்நாடகத்தில் ஒரு வீட்டினுள்ளே நம்மை அழைத்துச் செல்கிறார். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட, ஊரில் தனித்திருக்கும் முதியோரின் வாழ்வே அதன் பொருள். பெற்றோர் மகிழ்ந்திருந்த நாட்டைப் பாடிய பாரதியாரின் பாட்டிலிருந்து தலைப்பை எடுத்து, அம்மகிழ்ச்சி இன்று எங்கே என்று வினவுகிறார்.

வாசிப்பு முடிந்தது. "வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது நல்ல பாடம்" என்றேன் நான். நான் கடல் கடந்தவனல்லன் என்ற நிம்மதி எனக்கு.

அன்னையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "பாதை திறந்த பிறகு உன்ர அப்பா ஒரு நாளும் படலையைப் பூட்டிப்போட்டுப் படுக்கேல்லை, தம்பி" என்றார்.

என் நெஞ்சு துணுக்குற்றது. 1990இல் மூடப்பட்ட கண்டி வீதி 2002 ஏப்ரலில் திறந்தது. அதற்குமுன், "பாதையில்லையே" என்று நான் கூறியதில் உண்மை இருந்தது. திறந்த பின்னரோ, "அலுவலகத்தில் லீவு கிடைக்கட்டும்", "பஸ்ஸில் கூட்டம் குறையட்டும்" என்று மாதங்களைக் கடத்தினேன். அடுத்த ஜனவரியில் தந்தையார் காலமானார். சவ அடக்கத்திற்கே போய்ச் சேர்ந்தேன். போர் எங்களைப் பிரித்தது என்றே இருபது ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன். போர் பிரித்தது பன்னிரண்டு ஆண்டுகள். எஞ்சிய ஒன்பது மாதங்கள் என்னுடையவை.

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை, அப்பம்மா?" என்று மகள் கேட்டாள்.

"அவன் கேக்கேல்லைப் பிள்ளை" என்றார் அவர். அக்குரலில் கோபமில்லை; அதுவே என்னை அதிகமாக வருத்தியது.

நாட்டில் நடந்தவற்றுக்கு யார் பொறுப்பு என்று நாம் உரக்கப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெருங்கணக்கின் நிழலில் நம் சிறுகணக்கை மறைத்துவிடுதல் எளிது. நல்ல நாடகம் அதனை மறைக்க விடுவதில்லை.

நாடகம் பயிலும் மாணவருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பாடநூலை ஒருமுறையேனும் வீட்டு முதியோர் முன் வாசியுங்கள். வாசித்து முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அவர்கள் பேசும்வரை காத்திருங்கள்.