மாறுபடும் அளவைகள்

எல்லவிலிருந்து பதுளை நோக்கி இறங்கும் புகையிரதம் தெமோதரை நிலையத்தில் தரித்துப் புறப்பட்டபின், குன்றைச் சுற்றி வளைந்து வந்து, சற்றுமுன் தான் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடாகச் செல்லும். 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய பாதை இது. வரைபடத்தில் ஓரிடமாய்த் தெரிவது உயரத்தால் ஈரிடமாகும். ஒரு பொருளைக் குறித்த இரு அளவைகள் முரண்படும்போது, அவற்றுள் ஒன்று பொய்யென முடிவு கட்டுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் தகும்.

அந்நிலையத்துக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்தில் வாழும் மாணவன் ஒருவனுக்கு இவ்வுண்மை இரவொன்றில் புலப்பட்டது. அவனது கணினி தாயின் சீட்டுப் பணத்தில் பழையதாக வாங்கப்பட்டது. அதனுள் இருந்தது 2017இல் வெளிவந்த ரைசன் 7 1700எக்ஸ் என்னும் முறைவழியாக்கி. இறுதியாண்டு ஆய்வுக்குரிய கணிப்புகள் நாட்கணக்கில் நீண்டமையால், 3.4 கிகாஹேர்ட்ஸ் என்னும் அதன் அடிப்படை வேகத்தை 3.8 ஆக உயர்த்தி, மின்னழுத்தத்தை 1.35 வோல்ற்றாக அமைத்தான். கணிப்போ நடுவழியில் நின்றுபோயிற்று.

காரணம் தேடியவனை அளவைகள் குழப்பின. ஒரு மென்பொருள் வெப்பநிலையை 88 பாகை செல்சியஸ் என்றது. மற்றொன்று 68 என்றது. அம்முறைவழியாக்கிக்கு விதிக்கப்பட்ட உச்ச எல்லை 95 பாகை. மின்னழுத்தமோ, அவன் 1.35 அமைத்திருக்க, வேலைப்பளுவின்போது 1.29 எனக் காட்டிற்று. வெப்பநிலையை நம்பினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மின்னழுத்தத்தை நம்பினால் அதனை உயர்த்த வேண்டும். அவன் 1.45 ஆக உயர்த்தவே எண்ணினான். வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், அதே வேகத்தில் ஏறத்தாழ 15 வீதம் கூடுதல் வெப்பம் பிறந்திருக்கும். சில்லும் விரைந்து முதுமையுற்றிருக்கும். அது கெட்டால் வேறொன்று வாங்க வழியில்லை.

தொழிற்சாலையில் உலர்த்தும் இயந்திரத்தருகே பணிபுரியும் தந்தை இரவுமுறை முடிந்து வந்து, மகன் விழித்திருக்கும் காரணத்தைக் கேட்டார். கேட்டபின் தம் இயந்திரத்தைப் பற்றியே பேசினார். அதனுள் நுழையும் காற்று ஏறத்தாழ 95 பாகையிலும், வெளியேறும் காற்று 52 பாகையளவிலும் இருக்கும். இடையிலுள்ள வெப்பத்தை ஈரத்தூள் உண்டுவிடுகிறது.

“ரெண்டும் கிட்டக்கிட்ட காட்டினாத்தான் தம்பி யோசிக்கணும். அப்ப உள்ள தூள் இல்லன்னு அர்த்தம். எந்தத் தெர்மாமீட்டரு எங்க நிக்கிதுன்னு மொதல்ல பாரு” என்றார்.

மகன் கணினியை அணைத்தான். விடியற்குளிரில் அறை 22 பாகையாயிருந்தபோது மீண்டும் இயக்கினான். ஒன்று 48 என்றது. மற்றொன்று 28 என்றது. இரவு முழுதும் குளிர்ந்து கிடந்த பொருள் இயக்கிய கணத்திலேயே 48 பாகையை அடைதல் அரிது. அன்றியும், ஓய்விலும் பளுவிலும் வேறுபாடு அதே 20 பாகையாகவே நின்றது. பளுவோடு மாறாத வேறுபாடு வெப்பத்தால் விளைந்ததன்று. கணக்கிடும் மரபால் விளைந்தது. விசிறிகளின் ஒழுங்கு வெவ்வேறு மாதிரிகளுக்கும் ஒத்திருக்கவேண்டி, ஏ.எம்.டி. நிறுவனம் இம்மாதிரியின் கட்டுப்பாட்டு வெப்பநிலையில் 20 பாகையைக் கூட்டியே அறிவிக்கச் செய்திருந்தது. 2017 மார்ச்சில் அதனை வெளிப்படையாகவும் விளக்கிற்று. ஒரு மென்பொருள் அதனைக் கழித்துக் காட்டியது, மற்றது கழிக்கவில்லை.

மின்னழுத்தத்தின் கதை வேறு. ஓய்வில் அமைத்த அளவும் அளந்த அளவும் ஏறக்குறைய ஒத்திருந்தன. பளு ஏற ஏற இடைவெளி விரிந்தது. இது மெய்யான இறக்கம். ஓமின் விதிப்படி, 75 அம்பியர் மின்னோட்டம் 0.8 மில்லி ஓம் தடையைக் கடந்தால் 0.06 வோல்ற்று குறையும். பளு திடீரென நீங்கும்போது மின்னழுத்தம் எல்லை மீறி எழாதிருக்கத் தாய்ப்பலகைகள் இத்தகைய இறக்கத்தைத் திட்டமிட்டே அனுமதிப்பதுண்டு. ஆகவே 1.35 என்பது கேட்டது, 1.29 என்பது கிடைத்தது. இரண்டும் மெய்யே. கிடைத்த அளவு 3.8க்குப் போதவில்லை என்பதே கணிப்பு நின்றதன் பொருள்.

அவன் மின்னழுத்தத்தைத் தொடவில்லை, வேகத்தை 3.7 ஆகக் குறைத்தான். அன்றிரவு தந்தை தொழிற்சாலைக்குப் புறப்படுகையில் தொடங்கிய கணிப்பு, அவர் திரும்பி வந்தபோதும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் 86, 66 என்னும் இரு எண்கள் இன்னும் முரண்பட்டே நின்றன. தந்தை அவற்றைப் பார்த்தார்; எது சரியென்று கேட்கவில்லை. எது எங்கே நிற்கிறது என்றே கேட்டார். மகனிடம் இப்போது விடை இருந்தது.