அம்மா போடாத மாத்திரை



என்னிடம் பிளஸ் டூவில் விலங்கியல் படித்த மாணவி ஒருத்தி போன வாரம் போனில் அழைத்தாள். அவள் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துகளின் பெயருக்கு எதிரே வரிசையாக ‘ஆர்’, ‘ஆர்’ என்று இருந்ததாம். அந்த மருந்துகளுக்குக் கிருமி மசியாது என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊசி போட்டுச் சரியாகி வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது வீட்டில் சண்டை. “கண்ட மாத்திரையையும் கடையில வாங்கிப் போட்டிருப்பே” என்று மகன்கள் அம்மாவைத் திட்டுகிறார்கள். அவரோ தலைவலிக்குக்கூடச் சுக்கு இழைத்துப் பற்றுப் போடுகிறவர். “மருந்தே சாப்பிடாதவங்க உடம்புல இருக்கிற கிருமி, மருந்தை எதிர்க்க எங்க சார் கத்துக்கிச்சு?” என்று கேட்டாள்.

என் சர்வீஸில் இவ்வளவு நல்ல கேள்வியை வகுப்பில் யாரும் கேட்டதில்லை. (கேட்டிருந்தால் அதற்குள் பெல் அடித்திருக்கும்.) போனில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அது கற்றுக்கொள்ளவில்லை, வாங்கிக்கொண்டது. மரபணு என்றால் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது. பாக்டீரியாவுக்கு இன்னொரு வழியும் உண்டு. பக்கத்தில் இருப்பவனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். அவன் வேறு இனமாகவும் இருக்கலாம். இதற்குப் பக்கவாட்டு மரபணுக் கடத்தல் என்று பெயர். 1928இல் கிரிஃபித் செய்த எலிச் சோதனை ஞாபகம் இருக்கிறதா? கொல்லப்பட்ட வீரியக் கிருமியையும் உயிருள்ள சாதுக் கிருமியையும் சேர்த்து ஊசி போட்டார், எலி செத்தது. செத்தவனின் சரக்கை உயிரோடு இருந்தவன் எடுத்துக்கொண்டான். ஐந்து மார்க் கேள்வி. எல்லோரும் நன்றாகத்தான் எழுதினீர்கள்.

ஆனால் இது நோயாளியின் உடம்புக்குள்ளேயே நடக்கிறது என்பதைக் காட்டியவர்கள் ஜப்பானியர்கள். உலகப் போருக்குப் பிறகு அங்கே ஷிகெல்லா கிருமியால் சீதபேதி அதிகம். சல்ஃபா மருந்து கொடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் அது எடுபடவில்லை. அடுத்து ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்பெனிக்கால், டெட்ராசைக்ளின் வந்தன. 1950களின் பிற்பாதியில் இந்த நான்குக்கும் அடங்காத ஷிகெல்லா பரவியது. தற்செயலான மாற்றத்தால் ஒரு மருந்துக்கு எதிர்ப்பு வருவதே கோடிக்கணக்கில் ஒரு கிருமிக்குத்தான். நான்கும் ஒரே கிருமிக்கு ஒன்றாக வந்தது என்றால் கணக்கு உதைக்கிறது. இன்னொரு விசித்திரம்: குளோராம்பெனிக்கால் மட்டுமே கொடுத்த நோயாளியிடமிருந்தும் நான்கையும் எதிர்க்கிற கிருமி வெளிவந்தது. மற்ற மூன்று மருந்தை அது அந்த உடம்பில் பார்த்ததே இல்லை! குடலில் வழக்கமாகக் குடியிருக்கும் ஈ.கோலையைச் சோதித்தால் அதுவும் அதே நான்கையும் எதிர்த்தது.

1959இல் ஒச்சியாய் குழுவும் அகிபா குழுவும் தனித்தனியே இதைப் பிடித்தார்கள். எதிர்ப்புள்ள ஈ.கோலையையும் எதிர்ப்பில்லாத ஷிகெல்லாவையும் ஒன்றாக வளர்த்தால், ஷிகெல்லாவுக்கு நான்கு எதிர்ப்பும் ஒருசேர வந்துவிடுகிறது. காரணம், குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் பிளாஸ்மிட் என்கிற சின்ன டி.என்.ஏ. வளையம். நான்கு மரபணுவும் அதில் சாவிக்கொத்து மாதிரி சேர்ந்து இருக்கும். இரண்டு செல்கள் ஒட்டிக்கொள்ளும்போது ஒன்று நகல் எடுத்து மற்றதற்குக் கொடுத்துவிடும், கொடுத்தவனுக்கும் குறையாது.

அந்த அம்மாவின் விஷயத்துக்கு வருவோம். சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலானவை ஈ.கோலையால் வருபவை. அது நம் குடலிலிருந்தே போகிறது. யாரோ சாப்பிட்ட மருந்தால் எங்கோ ஒரு பண்ணையிலோ ஆஸ்பத்திரிச் சாக்கடையிலோ பெருகிய எதிர்ப்பு மரபணு, தண்ணீர், சாப்பாடு, கை வழியாக வந்து குடலில் ஏறிவிடலாம். நம் சென்னையே இதற்குச் சாட்சி. கடைசிக்கட்ட ஊசியான கார்பபீனத்தை முறிக்கிற என்.டி.எம்-1 என்ற மரபணுவைப் பற்றி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமரசாமியும் மற்றவர்களும் 2010இல் எழுதினார்கள். சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அது இருந்தது. மறு வருடம் டெல்லியில் 50 குடிநீர் மாதிரிகளைப் பார்த்தார்கள். இரண்டில் அந்த மரபணு. (பெயரில் டெல்லி இருக்கிறதே என்றுதான் நம் ஊரில் பெரிய கோபம் வந்தது. தண்ணீரில் இருந்ததற்கு அவ்வளவு வரவில்லை.)

ஆகவே தம்பிகளா, அம்மாவைத் திட்டுவதை நிறுத்துங்கள். குடும்ப குரூப்பில் “போன தடவை போட்டீங்களே, அந்த ஆன்டிபயாடிக் பேர் என்ன?” என்று கேட்கிற சொந்தங்களே, நான் இனிமேல் பதில் போடமாட்டேன், டாக்டரிடம் போங்கள்.

“செடி, பூச்சியில எல்லாம் இது நடக்குமா சார்?” என்றும் அவள் கேட்டாள். அரிது, ஆனால் நடந்திருக்கிறது. விவசாயம் பார்க்கிற மாணவர்களுக்கு வெள்ளை ஈயைச் சொல்லவே வேண்டாம். தன்னைக் கடிக்கும் பூச்சிக்கு எதிராகச் செடி தயாரிக்கும் விஷத்தை முறிக்க, ஏதோ ஒரு காலத்தில் ஒரு செடியிடமிருந்தே வந்த மரபணுவை அது வைத்திருக்கிறது. சீன விஞ்ஞானிகள் 2021இல் வெளியிட்டார்கள். உயிரினங்களைக் கிளை விட்டுப் பிரியும் மரமாகப் போர்டில் வரைவேனே, அதில் கிளைக்குக் கிளை குறுக்கே சில கோடுகளும் வேண்டும்.

பொங்கலன்று கூட்டில் போடுகிறோமே, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அதற்குள்ளும் அக்ரோபாக்டீரியம் வகைப் பாக்டீரியாவின் மரபணுக்கள் இருக்கின்றன. 2015இல் வந்த ஆய்வில் 291 சாகுபடி மாதிரிகளைச் சோதித்தார்கள். ஒன்று விடாமல் அத்தனையிலும் இருந்தது. எந்த ஆய்வகமும் வைத்ததல்ல. மண்ணில் தானாக நடந்தது, மனிதர்கள் அந்தக் கிழங்கைத் தேர்ந்து வளர்த்து ஆயிரக்கணக்கான வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.