கேப்டனுக்கு நிறம் இல்லை

காமிக்ஸ் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கதை இல்லை, கயிறு. வேளச்சேரி அப்போது பாதி கிராமம். பெட்டிக்கடை வாசலில் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் சணல் கயிறு கட்டி, வாரப் பத்திரிகைகளோடு காமிக்ஸையும் நடுவில் பிரித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். காசு கொடுக்காதவன் கை வைக்கக் கூடாது. அதனால் அட்டையை மட்டும் பார்த்து, உள்ளே என்ன நடக்கிறது என்று நாங்களே ஒரு கதை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். பிற்பாடு புத்தகம் கைக்குக் கிடைத்துப் படித்தால், பல நேரம் நாங்கள் கட்டிய கதையே தேவலாம் என்றிருக்கும். உள்ளே சாணித்தாளில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். வழவழப்பு, சிவப்பு, மஞ்சள் எல்லாம் அட்டையோடு சரி.

அந்த அட்டைகள் சிவகாசியில் பிறந்தவை. 1972-ல் சௌந்தரபாண்டியன் ஆரம்பித்த முத்து காமிக்ஸின் முதல் புத்தகமே ‘இரும்புக்கை மாயாவி’. அவர் மகன் விஜயன் 1984-ல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். கதை, கட்டம் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரும். அட்டையைப் பெரும்பாலும் உள்ளூர் ஓவியர் புதிதாக வரைவார். மாலையப்பன் என்ற பெயர் எங்கள் வட்டாரத்தில் பலருக்குத் தெரியும்; நடிகர்களின் பெயரைப் போல அல்ல, நல்ல மெக்கானிக்கின் பெயரைப் போல. வெளிநாட்டு மூலத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அச்சளவைவிடப் பெரிய தாளில் வரைவார்கள். மாயாவியின் தாடையில் கொஞ்சம் நம்மூர் சதை ஏறிவிடும். பின்னணியில் எரியும் கட்டடத்தின் ஆரஞ்சு, தீபாவளி மத்தாப்புப் பெட்டியில் பார்த்த அதே ஆரஞ்சு. ஒரே ஊர், ஒரே பிரஸ், வேறெப்படி இருக்கும்?

அந்த ஓவியங்கள் எங்கே போயின என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தது ஒரு கேப்டன் அமெரிக்கா.

தரமணியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், ஏ.ஜி.எஸ். காலனியில் வீடு. அமெரிக்காவில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தபோது, எண்பதுகளில் வந்த ஒரு கேப்டன் அமெரிக்கா இதழின் அட்டை ஒரிஜினலை ஏலத்தில் எடுத்து வந்திருந்தார். ஓவியர் பெரிய பெயர் இல்லை, அதனால் கைக்கு எட்டிய விலை. ஆசையாகப் பார்க்கப் போனேன். 11-க்கு 17 அங்குல அட்டை. சீன மையில் வரைந்த கோடுகள். கேமராவில் விழாது என்பதற்காக நீலப் பென்சிலில் போட்ட முன்வரைவுக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. தவறிய இடத்தில் வெள்ளை மை. மேலே தலைப்பை வேறு தாளில் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய பசை பழுப்பேறி, காபி சிந்தின மாதிரி ஒரு கறை. வண்ணம்? ஒரு சொட்டுகூட இல்லை. வண்ணம் சேர்க்கிறவர் வேறு ஆள், வேறு தாள். நட்சத்திரமும் பட்டைகளும் உள்ள அந்தப் புகழ்பெற்ற கேடயம் வெறும் வட்டங்களாக நிற்கிறது. தேசக் கொடியை உடுத்திய வீரன், கொடியின் நிறம் இல்லாமல்.

“இதுக்கா இவ்வளவு காசு? கலர்கூட அடிக்கலையே” என்றார் அவர் மனைவி, டபரா செட்டை வைத்தபடி. நண்பர் சிரித்தார். எனக்கென்னவோ கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

கேப்டனின் முதல் இதழில் கேடயம் வட்டமாகக்கூட இல்லை. 1941 மார்ச் என்று தேதியிட்டு, 1940 டிசம்பரிலேயே கடைக்கு வந்த புத்தகம் அது. அட்டையில் ஹிட்லரின் தாடையில் கேப்டன் ஒரு குத்து விடுகிறார், இடக்கையில் முக்கோணக் கேடயம். வேறொரு கம்பெனியின் ஹீரோவுடைய மார்க்கவசம் இதே ஜாடை என்று புகார் வர, அடுத்த இதழில் வட்டமாகிவிட்டது. அமெரிக்கா போரில் இறங்க அப்போது கிட்டத்தட்ட ஒரு வருஷம் பாக்கி. படைத்தவர்கள் ஜோ சைமன், ஜாக் கிர்பி இருவருமே யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்தக் குத்தை அவர்கள் விளையாட்டுக்கு வரையவில்லை. மிரட்டல் கடிதங்களும் வந்தன. கிர்பி பிறகு நிஜமாகவே துப்பாக்கி தூக்கிக்கொண்டு பிரான்சுக்குப் போனார்.

நமக்கு அப்படி ஒரு கேப்டன் இருந்தாரா? இரும்புக்கை மாயாவி பிரிட்டிஷ் உளவுத் துறைக்கு வேலை பார்த்தவர். நாம் கைதட்டியதெல்லாம் வெள்ளைக்காரன் ஜெயித்ததற்கு. இந்தியில் மூவண்ணத்தையே உடையாகப் போட்டுக்கொண்ட திரங்கா உண்டு, என் மனதில் ஒட்டவில்லை. இந்திரஜால் காமிக்ஸில் 1976-ல் ஆபித் சூர்த்தி உருவாக்கிய பகதூர் பரவாயில்லை. காவி குர்தா, ஜீன்ஸ், கொள்ளைக்காரன் பெற்ற பிள்ளை. ஊர்க்காரர்களைச் சேர்த்துக் கொள்ளையரை எதிர்த்தான். ஆனால் நிஜமாக எங்கள் கேப்டன் சலூனில் இருந்தார். சிவகாசி காலண்டரில், ராணுவத் தொப்பியும் வட்டக் கண்ணாடியுமாக நேதாஜி. முடி வெட்டி முடிக்கும்வரை கண்ணாடிக்குள் அவர்தான். கோவில்பட்டி கொண்டையராஜுவும் சீடர்களும் சாமி படங்களில் வளர்த்த அந்தக் கன்னச் சிவப்பை யாரோ போஸுக்கும் பூசியிருந்தார்கள். முருகனுக்கு அண்ணன் மாதிரி இருப்பார்.

அந்தப் போஸின் ஒரிஜினல் எங்கே? மாயாவியின் ஒரிஜினல் எங்கே? ஓவியத்தைப் படமெடுத்து, நாலு கலருக்கும் பாசிட்டிவ் பிரித்து, பிளேட் போட்டாகிவிட்டால் பிரஸ்ஸுக்கு அந்தத் தாள் தேவையில்லை. அமெரிக்காவிலும் ரொம்ப காலம் இதே கதைதான்: வரைந்ததைக் குப்பையில் போட்டார்கள், வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்தார்கள். பத்தாயிரம் பக்கத்துக்கு மேல் வரைந்த கிர்பி, தன் கையால் போட்ட பக்கங்களைத் திரும்பக் கேட்டு வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றார். 1987-ல் மார்வெல் கம்பெனி திருப்பிக் கொடுத்தது இரண்டாயிரம் பக்கம் அளவுக்குத்தான். சண்டை போட ஆள் இருந்ததால் அங்கே அது சொத்து ஆனது. இங்கே யார் கேட்டார்கள்?

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நண்பர் தரைத்தளத்தில் இருந்தார். கேப்டனைப் பரண்மேல் ஏற்றியிருந்ததால் தப்பித்தது. என்னிடமிருந்து வாங்கிப்போன காமிக்ஸ் கட்டு முங்கிவிட்டது. மொட்டை மாடியில் காயப் போட்டபோது ஒன்று கவனித்தேன். சாணித்தாள் பக்கங்கள் சமர்த்தாகப் பிரிந்து வந்தன. வழவழ அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் மாயாவியின் முகம் பாதி அதில், பாதி இதில். சீன மை நனைந்தாலும் நிற்கும். போஸ்டர் கலர் தண்ணீர் பட்டாலே கரையும். சிவகாசியில் எந்தப் பரணிலாவது மிஞ்சியிருக்கும் ஓவியத்துக்கு ஓர் ஒழுகல் போதும்.

அதிலிருந்து நண்பருக்கு ஒரே பிடிவாதம், சிவகாசி ஒரிஜினல் ஒன்று வேண்டும். புத்தகக் கண்காட்சியில் விசாரித்து, காலண்டரும் அட்டையும் வரைந்து ஓய்ந்த ஒரு பெரியவரின் நம்பர் பிடித்தேன்.

“ஒரிஜினலா? அதான் அச்சாகி வந்துடுச்சே தம்பி” என்றார் போனில். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஆயிரக்கணக்கில் கடைக் கயிற்றில் தொங்கியதுதான் அவருக்குப் படைப்பு. தாள் என்பது அதற்குப் போட்ட சாரம். “வேணும்னா சொல்லுங்க, மறுபடி வரைஞ்சு தர்றேன். கை இன்னும் நடுங்கல.”

நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது வரைந்தால் அது ஒரிஜினல் ஆகாதாம், அதற்கு ஏலத்தில் மதிப்பில்லையாம். அவர் கணக்கு அவருக்கு. நான் எனக்காகச் சொல்லிவிட்டேன்: நேதாஜி, அந்தக் கன்னச் சிவப்போடு, பின்னால் ஆரஞ்சுத் தீ, காமிக்ஸ் அட்டை மாதிரி மேலே தலைப்புக்கு இடம் விட்டு.

“தலைப்பு என்ன எழுத?”

“இடம் மட்டும் விடுங்க ஐயா.”

“சரி. பாதிப் பணம் முன்னாடி அனுப்பிடுங்க. கலர் வாங்கணும்.”