கேசட் போட்டால் கல்யாணம் ஓடும்!



உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம். சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், மேலே கேசட் செருகும் பள்ளம். 'டிவி கேம்' என்பார்கள். ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1983-ல் கொண்டுவந்த ஃபேமிகாம் என்ற கருவியைப் பார்த்துச் செய்த நகல்கள்தான் நம் ஊர்க் கடைகளில் விற்றன. எங்க அப்பா 1998-ல் முதல் போனஸ் பணத்தில் வாங்கியது. ஓடாமல் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் தூக்கிப் போட விடமாட்டார்.

அதே பரணில் அப்பா அம்மா கல்யாண வீடியோவும் இருந்தது. மூன்று வி.சி.டி. தட்டுகள். தாத்தாவை நான் பார்த்ததே இல்லை. போட்டோ நிறைய உண்டு, ஆனால் அவர் குரல் இருப்பது அந்தத் தட்டில் மட்டும்தான். பிளேயர் கெட்டுப்போன பிறகு யாரும் போட்டுப் பார்க்கவில்லை. "அவர் பேசுறது எப்படி இருக்கும்னு எனக்கே மறந்து போச்சுடா" என்று பாட்டி ஒருநாள் சொன்னார். அன்றைக்கு முடிவு செய்தேன்.

கம்ப்யூட்டர் சார் அனுமதி கொடுக்க, நம் லேபில் உள்ள பழைய டிவிடி டிரைவில் காப்பி எடுத்தேன். முதல் இரண்டு தட்டும் வந்துவிட்டன. தாத்தா பேசும் மூன்றாவது தட்டு பாதியிலேயே நின்றது. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் துடைத்தோம். (வட்டமாகத் துடைக்கக் கூடாது, கீறல் விழுந்தால் அதிகம் கெடும்.) இன்னொரு டிரைவில் போட்டதும் வந்தது! நடுவில் நாலு நொடி மட்டும் உறைந்து நிற்கும்.

பென்டிரைவில் போட்டு நேராக டிவியில் செருக வேண்டியதுதானே என்பீர்கள். செருகினேன். டி.ஏ.டி. என்று முடியும் அந்தக் கோப்புகளை எங்கள் டிவி ஏற்கவே இல்லை. மாமாவிடம் சும்மா கிடந்த ராஸ்பெரி பை 3 கைக்கு வந்தது அப்போதுதான். 85 மி.மீ. நீளம், 56 மி.மீ. அகலம், அவ்வளவுதான் முழுக் கம்ப்யூட்டரும். ஃபேமிகாமுக்கு நினைவகம் 2 கே.பி.; இதற்கு 1 ஜி.பி. சுமார் ஐந்து லட்சம் மடங்கு!

அப்பா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "உள்ள என்ன வேணா பண்ணு. வெளியில ஒரு ஓட்டைகூடப் புதுசா விழக் கூடாது."

திருகுகளைக் கழற்றினால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு பெரிய பெட்டிக்குள் உள்ளங்கை அளவுப் பலகை, அதன் நடுவில் கறுப்பாக ஒரு சொட்டு. அந்தச் சொட்டுக்குள்தான் சிப். மீதியெல்லாம் வெறும் காற்று! பலகையைப் பத்திரமாக எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

பழைய வீடியோ ஒயர் சாக்கெட் இருந்த பின்பக்கத் துளை வழியாக எச்.டி.எம்.ஐ. ஒயரும் கரண்ட் ஒயரும் வெளியே வந்தன. மொபைல் சார்ஜர் போதாது, 2.5 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். குறைந்தால் திரையில் மஞ்சள் மின்னல் குறி வந்துவிடும். சூடு 80 டிகிரியை எட்டினால் பை தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்கெனவே அடியில் இருந்த காற்றுத் துளைகள் மூச்சு விடட்டும் என்று நாலு ரப்பர் கால் ஒட்டினேன். ஒரு மணி நேரம் படம் ஓடியும் 62-ஐத் தாண்டவில்லை. அப்புறம் ரீசெட் பட்டன். கம்ப்யூட்டரைச் சட்டென்று கரண்டை நிறுத்தி அணைத்தால் மெமரி கார்டு கெட்டுப்போகலாம். அதனால் பட்டனின் இரண்டு ஒயரை பையின் 5, 6-ம் பின்களில் பற்றவைத்து, அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். அமுக்கினால் ஒழுங்காக அணையும், மறுபடி அமுக்கினால் எழும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கேசட்தான். செத்துப்போன கேம் கேசட்டின் உள்ளே பென்டிரைவ். பள்ளத்தின் அடியில் யு.எஸ்.பி. ஒயரின் வாய். அப்பா காலத்தில் ஊதிச் செருகுவார்களாமே, அதே மாதிரி 'கல்யாணம்' கேசட்டைச் செருகலாம்! டிவி ரிமோட்டில் ஓகே அமுக்கினால் படம் ஓடும். இதற்கு உதவும் கோடி என்ற மென்பொருள் 2002-ல் எக்ஸ்பாக்ஸ் என்ற கேம் கன்சோலில் படம் பார்க்கத்தான் பிறந்தது. 2014 வரை அதன் பெயரே எக்ஸ்.பி.எம்.சி. என்றுதான் இருந்தது. ஆக, கேம் பெட்டி அதற்குத் தாய் வீடு.

வி.சி.டி. படத்தில் 352-க்கு 288 புள்ளிகள்தான். எங்கள் டிவியில் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. குரல் தெளிவாக இருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு தாத்தா, "யாரும் சாப்பிடாமப் போகக் கூடாது, சொல்லிட்டேன்!" என்றார். பாட்டி அழுவார் என்று நினைத்தேன். "இந்த மனுஷனுக்கு எப்பவும் சாப்பாட்டு நெனப்புதான்" என்று சொல்லிவிட்டு, ரிமோட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அன்று ராத்திரிக்குள் ஏழு தடவை ஓடியது.

அப்பாவோ பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, புது ஓட்டை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, "காண்ட்ரா வருமாடா இதுல?" என்கிறார். ஜாய்ஸ்டிக் ஒயரையும் பின்களில் இணைக்கலாம்தான். ஆனால் பை தாங்குவது 3.3 வோல்ட் மட்டும், பழைய ஜாய்ஸ்டிக் 5 வோல்ட் ஆசாமி. இரண்டுக்கும் சமாதானம் செய்துவைப்பது எப்படி என்று இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.

– 11-ம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு