யாருக்குத் திறந்த கதவு

காலை ஏழரை மணி. பாரிஸின் வான்தோம் சதுக்கத்தில் இன்னும் கார்கள் சேரவில்லை. 15-ஆம் எண் வாசலில் சீருடை அணிந்த ஓர் இளைஞர் கதவின் பித்தளைக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். முடித்ததும் ஓரடி பின்வாங்கிப் பார்க்கிறார். மறுபடி வந்து கைப்பிடியின் உட்புறத்தை, யார் கண்ணிலும் படாத பகுதியை, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு துடைக்கிறார்.

வாடகைக் கார் ஒன்று வந்து நிற்கிறது. வாயிற்காவலர் பின்கதவைத் திறந்துவிடுகிறார். டிக்கியிலிருந்து பெட்டியை இறக்குபவர், அதன் பிடியில் தொங்கும் சீட்டில் எழுதியிருக்கும் பெயரை ஒரு பார்வை பார்க்கிறார். சட்டைக் காலரில் இருக்கும் மைக்கில் ஒரே ஒரு சொல். காரிலிருந்து இறங்கிய வயதான பெண்மணி நான்கு படி ஏறுவதற்குள், கதவருகே வந்து நிற்பவர் அவரைப் பெயர் சொல்லி வரவேற்கிறார். அந்த முகத்தில் இரவெல்லாம் பறந்து வந்த களைப்பு சட்டென்று இறங்குகிறது. இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் அந்த ஒரு கணத்தில் அடங்கியிருக்கிறது. ஊர் பேர் தெரியாத நகரத்தில் வந்து இறங்கியவரை, தெரிந்தவராக ஆக்கிவிடுவது.

இது ரிட்ஸ். சுவிட்சர்லாந்தில் நீடர்வால்ட் என்ற மலைக் கிராமத்தில், ஒரு விவசாயி வீட்டில் பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்த செசார் ரிட்ஸ் 1898 ஜூன் 1 அன்று திறந்த ஹோட்டல். சமையலறையைச் சமையல் கலைஞர் எஸ்கோஃபியே ஏற்றுக்கொண்டார். அறையோடு குளியலறை, மின்விளக்கு, தொலைபேசி என்று அன்றைய பிரபுக்களின் மாளிகைகளில்கூட எளிதில் கிடைக்காத வசதிகள் இங்கே இருந்தன. விளக்கு மறைப்புகளுக்கு எந்த நிறம் வைத்தால் பெண்களின் முகத்துக்கு இதமாக இருக்கும் என்று தன் மனைவியையே உட்காரவைத்து நிறம் நிறமாக மாற்றிப் பார்த்தார் ரிட்ஸ் என்பார்கள். வந்து தங்குபவரை அந்த அளவுக்கு உற்றுப் பார்த்தவர் அவர். ஆடை வடிவமைப்பாளர் கொக்கோ ஷனேல் பல ஆண்டுகள் இங்கேயே குடியிருந்து, 1971-இல் இங்கேயே காலமானார்.

சதுக்கத்தைவிட்டு வெளியே வந்து ரிவோலி தெருவுக்குப் போனால் வேறு மாதிரி. ல மூரிஸ் ஹோட்டலின் வாசல், தெரு நெடுக ஓடும் வளைவுத் தாழ்வாரத்துக்குள் இருக்கிறது. எதிரே துய்லரி தோட்டம். ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கியவர்கள், வேலைக்கு ஓடுபவர்கள், படம் எடுப்பவர்கள் எல்லாரும் வாசலை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். வான்தோம் சதுக்கம் தருகிற விலகல் இங்கே கிடையாது. வாயிற்காவலர் இரண்டு நதிகளை ஒரே இடத்தில் திருப்பிவிடுகிறார். கூட்டத்தைத் தொடாமல், ஒரு கையை மெல்ல நீட்டி, விருந்தினருக்கு வழி உண்டாக்குகிறார். தள்ளுவண்டியோடு வரும் பாட்டி கடந்து போகும்வரை, பட்டுக் கழுத்துப்பட்டை கட்டிய கனவானை நிறுத்தி வைக்கிறார். இந்தத் தெருவுக்கு மூரிஸ் வந்தது 1835-இல். ஓவியர் சல்வதோர் தாலி பல ஆண்டுகள் வழக்கமாக வந்து தங்கிய இடம்.

அங்கிருந்து பார்த்தாலே கான்கோர்ட் சதுக்கம் தெரியும். க்ரியோன் ஹோட்டலுக்கு வாசலைவிட முகப்புதான் பெரிது. பதினைந்தாம் லூயி மன்னருக்காகக் கட்டடக் கலைஞர் கப்ரியேல் வரைந்த தூண்வரிசை அது, பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்தது. 1793-இல் அதே சதுக்கத்தில்தான் பதினாறாம் லூயியின் தலை விழுந்தது. 1909-இல் இந்தக் கட்டடம் ஹோட்டலானது. பத்தே ஆண்டுகளில், முதல் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் இங்கே தங்கியபோது, சர்வதேச சங்கத்தின் சாசனம் இந்த மாடிகளில் உருவானது. உள்ளே கூடத்தில் இப்போது பேச்சு ஒலி கேட்பதே இல்லை. கம்பளம் காலடியை விழுங்குகிறது. கோட்டு மடிப்பில் குறுக்கே வைத்த இரண்டு தங்கச் சாவிகள் பளிச்சிட, கான்சியெர்ஜ் ஒருவர் வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டு ஒரு தம்பதிக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தச் சாவி அடையாளம் உள்ள சங்கத்தை பாரிஸின் பெரிய ஹோட்டல் கான்சியெர்ஜ்கள் 1929-இல் தொடங்கினார்கள். இன்று உலகமெங்கும் அந்தச் சாவிகளுக்கு மதிப்பு உண்டு.

மற்றவற்றையும் ஒரு நடை பார்க்கலாம். மோந்தேன் நிழற்சாலையில் 1913 முதல் நிற்கும் ப்ளாசா அத்தெனே சிவப்பிலேயே வாழ்கிறது: சிவப்பு ஜெரானியம் பூக்கள், சிவப்புச் சன்னல் பந்தல்கள், அவற்றுக்குக் கீழே படம் எடுத்துக்கொள்ளும் இளம் பெண்கள். ல ப்ரிஸ்டலின் கூடத்தில் ஒரு பூனை வளர்கிறது. கோடீஸ்வரர்களும் அதற்காகக் குனிந்து உட்கார்கிறார்கள். ஐந்து நட்சத்திரம் போதாதென்று 2010-இல் பிரெஞ்சு அரசு ‘பலாஸ்’ என்றொரு தனிப்பட்டம் ஏற்படுத்தியது. அறையின் அளவு, வசதிகளின் பட்டியல் ஆகியவற்றைத் தாண்டி, இருக்கும் இடம், வரலாறு, உபசரிப்பின் தரம் இவற்றை ஒரு நடுவர் குழு எடைபோட்டு வழங்கும் பட்டம். ஆக, வரலாற்றையும் ஒரு தகுதியாக எண்ண வேண்டும் என்று அரசே சொல்லியிருக்கிறது. அப்படி எண்ணத் தொடங்கினால் 1940-ஐத் தாண்டிப் போக முடியாது.

அந்த ஆண்டு ஜூன் 14 அன்று ஜெர்மன் படை பாரிஸுக்குள் வந்தது. நகரத்தின் நல்ல படுக்கைகள் முதலில் அவர்களுக்குப் போயின. ரிட்ஸில் விமானப் படைத் தலைமை. அதன் தளபதி கோரிங் வந்தால் தங்குவது அங்கே. மூரிஸில் பாரிஸின் ராணுவ ஆளுநர். கடைசி ஆளுநரான ஷோல்திட்ஸை 1944 ஆகஸ்ட் 25 அன்று அங்கேதான் பிடித்தார்கள். க்ளேபர் நிழற்சாலையில் இருந்த மஜெஸ்டிக்கில் பிரான்ஸ் முழுவதற்குமான ராணுவ நிர்வாகத் தலைமையகம். பின்னாளில் யுனெஸ்கோ 1946 முதல் 1958 வரை அதே கட்டடத்தில் இயங்கியது. குளியல் தொட்டிகளில் கோப்புகளை அடுக்கிவைத்தார்கள். 1973 ஜனவரி 27 அன்று வியட்நாம் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் அங்கேதான். 2014 முதல் அது பெனின்சுலா. இந்தக் கதவுகள் எல்லாமே பணத்துக்கும் அதிகாரத்துக்கும் திறந்த கதவுகள். வந்தவர் கையில் இரண்டில் ஒன்று இருந்தது.

பெரிய ஹோட்டல்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. பக்கத்துச் சந்தில், எண் மட்டும் எழுதிய இரும்புக் கதவு. முன்வாசலில் ஒருவர் வரும் நேரத்தில் இங்கே இருபது பேர் போய் வருகிறார்கள். சலவைத் துணி ஏற்றிய கம்பிக்கூண்டு வண்டிகள் தடதடவென்று இறங்குகின்றன. மீன் பெட்டிகள், முட்டை அட்டைகள், வாடாத பூக்கட்டுகள். மதிய வேலை மாறும் நேரத்தில் அப்படி ஒரு சந்தில் வெள்ளை மேலங்கியோடு இரண்டு பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். காதில் விழுந்தது தமிழ்.

“இரவுக்கும் நிக்கிறியளோ அண்ணை?”

“நிக்கத்தான் வேணும் தம்பி. மற்றவன் வரேல்லை.”

“கோப்பை கழுவவும் ஆளில்லையோ?”

“அதையும் நான்தான் பாக்கிறன்.”

அவ்வளவுதான் பேச்சு. பெரியவர் கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. எண்பதுகளில் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்கள் பாரிஸின் லாச்சப்பல் பகுதியில் ஒண்டிக்கொண்டு, இந்த நகரத்தின் உணவகச் சமையலறைகளில்தான் முதல் சம்பளம் வாங்கினார்கள். கோப்பை கழுவுவதில் தொடங்கி, காய் நறுக்கி, அடுப்புக்கு நகர்ந்து, தலைமைச் சமையல்காரரானவர்களும் உண்டு. போர் துரத்திய ஒரு மக்கள்கூட்டத்துக்கு இந்த நகரத்தின் சமையலறைகள் பின்கதவைத் திறந்துவிட்டன. அந்தக் கதவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இதே நகரத்தில், போர் துரத்தியவர்களுக்கு முன்கதவே திறந்த ஒரு ஹோட்டலும் இருந்திருக்கிறது.

அதற்கு செய்ன் நதியைக் கடந்து இடது கரைக்குப் போக வேண்டும். ரஸ்பாய் நிழற்சாலையில், போன் மார்ஷே பல்பொருள் அங்காடிக்கு அருகில், அலையலையாக வளைந்த கல் முகப்பில் திராட்சைக் கொடிகள் செதுக்கிய லூத்தேசியா. வெளியூரிலிருந்து பொருள் வாங்க வரும் வசதியான வாடிக்கையாளர்கள் தங்குவதற்காக அந்த அங்காடியின் உரிமையாளர்கள் 1910-இல் கட்டியது. முப்பதுகளில் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஜெர்மன் எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் ஹைன்ரிஷ் மன் தலைமையில் இங்கே கூடிப் பேசினார்கள். 1940-இல் அதே கூடத்துக்குள் ஜெர்மன் ராணுவ உளவுத்துறை குடிபுகுந்தது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஷெர்ஷ்-மிதி சிறை. அதிகாரிகள் இந்தப் பக்கம், அவர்கள் பிடித்த போராளிகள் அந்தப் பக்கம்.

1945 ஏப்ரலில் வதைமுகாம்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உயிரோடு எஞ்சியவர்கள் பாரிஸுக்கு வரத் தொடங்கினார்கள். போர்க்கைதிகளை வரவேற்க ஓர்சே ரயில் நிலையத்தில் செய்திருந்த ஏற்பாடு இவர்களுக்குப் போதவில்லை. வந்தவர்களின் நிலை அப்படி. தெ கோல் அரசு லூத்தேசியாவை எடுத்துக்கொண்டது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் வரை 18,000 முதல் 20,000 பேர் அந்தச் சுழல் கதவு வழியாக உள்ளே வந்தார்கள். கோடுபோட்ட முகாம் உடை, மழித்த தலை, முப்பது சொச்சம் கிலோ எடை. நகரப் பேருந்துகளிலிருந்து அவர்களைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள்.

உள்ளே மருத்துவர்கள், செவிலியர்கள், சாரணச் சிறுவர்கள், ஹோட்டல் ஊழியர்கள். பேனுக்கு மருந்துப் பொடி. வெந்நீர்க் குளியல். அளந்து அளந்து கொடுத்த சாப்பாடு, ஒட்டிப்போன வயிறு திடீரென்று நிறைந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால். மாற்றுடுப்பு, கொஞ்சம் பணம், ஓர் அடையாள அட்டை. அந்த அட்டைக்காக மேசையில் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்து பெயரைக் கேட்டார். ஆண்டுக்கணக்கில் எண்ணைச் சொல்லியே கூப்பிட்டுப் பழக்கிய மனிதர்களிடம், சிலருக்குத் தோலிலேயே எண்ணைக் குத்தியிருந்தார்கள், உங்கள் பெயர் என்ன என்று கேட்ட மேசை அது. இரவில் சிலரால் அந்த மெத்தைகளில் படுக்க முடியவில்லை. இறங்கித் தரையில் படுத்தார்கள். அவர்களைத் தடுக்காமல் தரையிலேயே போர்வை விரித்துக் கொடுப்பதும் உபசரிப்புதான்.

வெளியே நிழற்சாலையில் பலகைகள். அவற்றில் நூற்றுக்கணக்கில் புகைப்படங்களும் கையெழுத்துச் சீட்டுகளும்: திருமணப் படம், பள்ளிப் படம், குழந்தையை இடுப்பில் வைத்த படம். கீழே பெயர், பிடித்துச் சென்ற தேதி, எந்த முகாம் என்ற ஊகம். தாய்மார்கள் நாள் முழுக்க அங்கேயே நின்று, இறங்கும் ஒவ்வொருவரிடமும் படத்தைக் காட்டிக் கேட்டார்கள். பின்னாளில் புகழ்பெற்ற பாடகி ஜூலியெத் கிரெகோ அப்போது பதினெட்டு வயதுப் பெண். ராவன்ஸ்ப்ரூக் முகாமிலிருந்து திரும்பிய தாயையும் அக்காவையும் அங்கேதான் கண்டார். கண்டவர்களைவிடக் காணாமல் திரும்பியவர்களே அதிகம். முகப்புச் சுவரில் பதித்திருக்கும் நினைவுக் கல் இரண்டையும் சொல்கிறது, மீண்டவர்களின் மகிழ்ச்சியையும், வீணாகக் காத்திருந்த குடும்பங்களின் வேதனையையும்.

லூத்தேசியாவை 2014-இல் மூடி 2018-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். மதுக்கூடத்தில் பழைய வண்ணப்பூச்சுகளுக்கு அடியில் மறைந்திருந்த சுவரோவியங்களை அடுக்கடுக்காகச் சுரண்டி மீட்டிருக்கிறார்கள். ‘பலாஸ்’ பட்டமும் வந்துவிட்டது. இன்று அங்கே ஓர் இரவு தங்க ஆயிரம் யூரோவுக்கு மேல் ஆகலாம். ரிட்ஸின் பித்தளை இதைவிடப் பளபளக்கும். க்ரியோனின் முகப்பு இதைவிடக் கம்பீரம். மூரிஸின் சன்னலிலிருந்து தெரியும் தோட்டம் இதன் சன்னல்களுக்கு இல்லை. ஆனாலும் பாரிஸின் பெரிய ஹோட்டல்களில் முதலிடம் லூத்தேசியாவுக்கே.

1945-இல் செய்த அந்த வேலையை ஹோட்டல் தானாகத் தேர்ந்தெடுக்கவில்லை, அரசு ஆணையிட்டது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஓர் அரசு அந்த வேலைக்கு ஒரு பெரிய ஹோட்டலைத் தேடிப் போனதில் ஒரு தெளிவு இருக்கிறது. படுக்கைகள், வெந்நீர், பெரிய சமையலறை, தொலைபேசி, தெரியாதவரைக் கண்டால் எழுந்து நின்று பழகிய மனிதர்கள்: நொறுங்கிப்போன ஒருவருக்கு முதல் நாள் தேவைப்படுவது எல்லாம் இவைதான். பணம் படைத்தவர்களுக்காக நூறாண்டுகளாகத் தீட்டிய தொழில், எதுவுமே இல்லாதவர்களுக்கு அப்படியே பொருந்தியது. ஒரு சேமக்கிடங்கிலோ கூடாரத்திலோ அவர்களைத் தங்கவைத்திருக்கலாம். நகரத்தின் மிகச் சிறந்த வீடுகளில் ஒன்றே அவர்களுக்குத் தகுந்தது என்று அன்று முடிவெடுத்தார்கள்.

2020 ஊரடங்கின்போது வீடற்றவர்கள் பலரை அரசு ஹோட்டல் அறைகளில் தங்கவைத்ததும் அந்த முடிவின் வழியில் வந்ததுதான். இன்றும் போர்களிலிருந்து தப்பி வருபவர்கள் பாரிஸின் பாலங்களுக்கு அடியில் கூடாரம் போடுகிறார்கள். காவல்துறை அவற்றைப் பிரிக்கிறது. அவர்கள் அடுத்த பாலத்துக்கு நகர்கிறார்கள். வேறு வழியே இல்லை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை. போரில் களைத்து, ரொட்டிக்கும் பங்கீட்டு அட்டை வைத்திருந்த காலத்தில் இதே நகரம் வேறு வழி ஒன்றைச் செய்து காட்டியது. பணக்கார பாரிஸுக்கு அது இன்னும் எளிது.