பேரீச்சம்பழத்துக்குப் போகாத இரும்பு

கல்மண்டபத்திலிருந்து காசிமேட்டுப் பக்கம் திரும்பும் சந்துகளில் ஒன்றில் இருக்கிறது அந்தக் கடை. பத்தடிக்கு எட்டடி. பெயர்ப்பலகை கிடையாது, 'காயில் கட்டுற கடை' என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். வாசலில் விசைப்படகிலிருந்து கழற்றிய ஆல்டர்னேட்டர், மூடியில்லாத தண்ணீர் மோட்டார் இரண்டு, ஒரு பிளாஸ்டிக் கூடை நிறையக் கருகிய மிக்ஸி ஆர்மேச்சர்கள். உள்ளே வார்னிஷ் வாசனை, வெளியே கருவாட்டு வாசனை. இரண்டும் சந்திக்கும் நிலைப்படியில் நானும் என் அக்கா மகனும் நின்றோம். அவன் இடுப்பில் தண்ணீர்க் குடம் மாதிரி ஒரு பழைய கிடார் ஆம்ப்ளிஃபயர் உட்கார்ந்திருந்தது.

அவனுடைய தாத்தா கப்பலில் வேலை பார்த்த காலத்தில் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் வாங்கி வந்தது. உள்ளே மூன்றே வால்வுகள்: கிடாரின் மெல்லிய ஒலியைப் பெருக்க 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட 6வி6, ஏசியை டிசியாக்க 5ஒய்3. 1950களில் ஃபெண்டர் நிறுவனம் தன் 'சாம்ப்' ஆம்ப்ளிஃபயரில் இதே மூன்றைத்தான் வைத்தது. ஐந்து வாட் சுமாருக்குத்தான் சத்தம் வரும். பின்பக்கத் தகட்டில் '117 வோல்ட், 60 சைக்கிள்' என்று அடித்திருந்தார்கள். நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். தாத்தா ஒரு ஸ்டெப்-டவுன் பெட்டியை நடுவில் வைத்து ஓட்டியிருக்கிறார். அப்படியும் அரைமணி நேரத்தில் உள்ளிருக்கும் பவர் டிரான்ஸ்ஃபார்மர் கைவைக்க முடியாத சூடாகும். கூடவே ஓயாத ஒரு ரீங்காரம்.

பையன் கோயில் பாடற்குழுவில் கிடார் வாசிக்கிறான். அவனுக்கு இரண்டு ஆசைகள். 6வி6 இருக்கும் இடத்தில் அதன் அண்ணனான 6எல்6 வால்வைப் போட்டுச் சத்தத்தை ஏற்ற வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டுப் புதிது வைக்க வேண்டும்.

கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். எண்ணூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக மோட்டார் காயில் கட்டியவர். 1970இல் மின்சாரம் தரத் தொடங்கிய அந்த 450 மெகாவாட் நிலையம் 2017இல் மூடப்பட்டது. "முன்னாடி அஞ்சு எச்.பி. மோட்டாரை ஒண்டியாத் தூக்கி மேசைல வைப்பேன் சார். இப்ப இடுப்பு கேக்கறதில்ல. அதான் கையில அடங்குற வேலை மட்டும்" என்றார். ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்தார். ஒரு ரெசிஸ்டரின் இரண்டு முனைகளில் ஒயர் கட்டி, முதலில் கண்டன்சர்களில் தேங்கியிருக்கக்கூடிய மின்சாரத்தை வடித்தார். சுவிட்சை அணைத்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் அதில் பதுங்கியிருக்கும். பலரைக் கடித்தது அதுதான்.

பிறகு பையனைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, ஒவ்வொரு வால்வும் எவ்ளோ துன்னும்னு எழுது."

பையன் ஃபோனைப் பார்த்து அட்டையில் எழுதினான். ஹீட்டருக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 12ஏஎக்ஸ்7க்கு 0.3 ஆம்பியர், 6வி6க்கு 0.45. இரண்டும் சேர்ந்து ஐந்து வாட்டைத் தொடாது. 5ஒய்3க்கோ 5 வோல்ட்டில் 2 ஆம்பியர், அதாவது பத்து வாட்.

"பாத்தியா? வேலை செய்ற ரெண்டு பேருக்கும் சேத்து அஞ்சு. வாசல்ல நிக்கிற வாட்ச்மேனுக்குப் பத்து."

மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் கதவுதானே ரெக்டிஃபயர். பையன் தயங்கியபடி, "6எல்6 போட்டா?" என்றான். அதன் ஹீட்டருக்கு 0.9 ஆம்பியர், 6வி6ஐப் போல இரண்டு மடங்கு. ஹெச்.டி. எனப்படும் உயர் வோல்ட் பக்கத்து மின்னோட்டமும் கூடுதலாகக் கேட்கும். ஸ்பீக்கர் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரும் அதற்கு ஏற்றதல்ல. இத்தனைக்கும் வாட் இரட்டிப்பானால் காதுக்குக் கிடைப்பது மூன்று டெசிபல்தான். கூர்ந்து கேட்டால் தெரியும் வித்தியாசம், அவ்வளவே. "வேணாம்ணா" என்று அவனே அந்த வரியை அடித்தான்.

சூட்டுக்குக் காரணம் வோல்ட் அல்ல, சைக்கிள். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் டர்பைன் நிமிடத்துக்கு 3000 முறை சுழல்கிறது, நொடிக்கு 50. அமெரிக்காவில் அது 3600, நொடிக்கு 60. நம் மின்சாரம் திசை மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தக் கூடுதல் நேரத்தில், அதே வோல்ட் அதே இரும்பில் 20 சதவீதம் அதிகக் காந்தத்தை ஏற்றிவிடுகிறது. இரும்பு நிறைந்துவிட்டால் மேற்கொண்டு வரும் மின்னோட்டம் சூடாகத்தான் கழியும். வோல்ட்டை 97க்குக் குறைத்துக் கொடுத்தால் இரும்பு தப்பிக்கும். ஆனால் ஹீட்டருக்கு 6.3 போக வேண்டிய இடத்தில் 5.25தான் போகும், வால்வு அரைப்பட்டினி.

ஆக, இரும்பை வைத்துக்கொண்டு செம்பை மாற்றுவது என்று முடிவானது. காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டியது காயில் கடையில் தங்கியது.

ஸ்டாம்பிங் எனப்படும் 'ஈ' வடிவ, 'ஐ' வடிவத் தகடுகள் பழைய வார்னிஷில் ஒட்டிக் கிடந்தன. முதல் தகட்டை எடுக்கத்தான் பாடு. மெல்லிய கத்தியைச் செருகி, மரச் சுத்தியால் தட்டித் தட்டி நெகிழ்த்தினார். தகடு வளைந்தால் திரும்ப அடுக்கும்போது இடைவெளி விழும், இடைவெளி விழுந்தால் ரீங்காரம் வரும். ஒன்று வந்ததும் மற்றவை சீட்டுக்கட்டு மாதிரி வந்தன. துருவே இல்லை. உப்புக்காற்று வெளி முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்க வைத்திருந்தது, உள்ளே நுழையவில்லை.

சுருளைப் பிரிக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டார். மேலடுக்கில் இருந்த 6.3 வோல்ட் ஹீட்டர் சுருளைக் கையாலேயே எண்ணினார்: 27 சுற்று. வோல்ட்டுக்கு 4.3 சுற்று என்று அட்டையில் குறித்தார். 'ஈ' தகட்டின் நடு நாக்கின் அகலம் ஓர் அங்குலம், அடுக்கின் உயரம் ஒன்றேகால். எட்டு சதுர சென்டிமீட்டர். தகடுகளுக்கு நடுவிலுள்ள பூச்சைக் கழித்தால் ஏழரை. 45ஐ அந்த ஏழரையால் வகுத்தால் வோல்ட்டுக்கு ஆறு சுற்று. பாடப்புத்தகம் 50 சைக்கிளுக்குச் சொல்லும் கணக்கு இது.

"ஆறு போட்டா ஜன்னல்ல அடங்காது." இரும்பின் நடுவே செம்பு உட்காரும் சந்துக்குத்தான் ஜன்னல் என்று பெயர். "கட்னவன் அறுபதுல நாலேகாலுக்குக் கொஞ்சம் கூட வெச்சான், இரும்பு சும்மா இருந்திச்சு. நாம அம்பதுல அஞ்சேகால் வெச்சா அதே காந்தந்தான்." அட்டையில் 5.2 என்று எழுதினார். வீட்டு மின்சாரம் நுழையும் பிரைமரி சுருளுக்கு 230 வோல்ட், 1200 சுற்று.

பழைய பிரைமரியில் 500 சுற்றுதான் இருந்தது. வோல்ட் இரட்டித்ததால் மின்னோட்டம் பாதியாகும், கம்பியும் மெலியும். ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கு இடம் கூடுதலாக வேண்டும். அந்த இடத்தைத்தான் வாட்ச்மேன் காலி செய்து கொடுத்தார். 5ஒய்3க்குப் பதில் இரண்டு 1என்4007 டயோடுகள். தடித்த கம்பியில் கட்டிய 5 வோல்ட் சுருளே வேண்டாம். இன்னொரு சிக்கல் உண்டு. 5ஒய்3 தன்னளவில் 50 வோல்ட் சுமாருக்கு விழுங்கிக்கொண்டிருந்தது; டயோடு விழுங்காது. அப்படியே விட்டால் 6வி6க்கு வோல்ட் எகிறும். அதனால் 300-0-300 என்றிருந்த ஹெச்.டி.யை 250-0-250 ஆக்கினார். பெருக்கிப் பார்த்துச் சிரித்தார். பழையது 600ஐ 4.3ஆல் பெருக்க 2580. புதியது 500ஐ 5.2ஆல் பெருக்க 2600. அதே 38 கேஜ் கம்பி, அதே இடம்.

சுற்றியது அவரல்ல, கடையின் உள்மூலையில் இருந்த அக்கா. பதினெட்டு வருஷமாகச் சுற்றுகிறார். கைப்பிடி போட்ட சின்ன மெஷின், பக்கத்தில் எண்காட்டி. வலக்கை கைப்பிடியில், இடக்கையில் துணித்துண்டை மடித்து அதற்குள் கம்பியை ஓடவிடுகிறார். பிரைமரிக்கு 33 கேஜ், கால் மில்லிமீட்டர். ஹெச்.டி. கம்பியோ தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். இழுத்தால் அறும், விட்டால் நெளியும். ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் ஒரு பேப்பர். நான் ஏதோ கேட்கப் போனேன். பையன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். கடைசியாக ஹீட்டருக்கு 24 கேஜில் 34 சுற்று. ஒன்றிரண்டு சுற்று கூடுதல், கம்பியில் கழியும் வோல்ட்டுக்காக. முடித்துவிட்டு விரல் நுனிகளைத் தேங்காய் எண்ணெயில் தடவிக்கொண்டார். நுனிகளில் ரேகை மழுங்கியிருந்தது. ரேஷன் கடை மெஷினில் விரல் பதியாமல் மூன்று தடவை வைக்க வேண்டியிருக்கிறது என்றார்.

தகடுகளைத் திரும்ப அடுக்கி, கடைசி நான்கைந்தை மரச் சுத்தியால் இறுக்கி, வார்னிஷில் முக்கி, இரண்டு நூறு வாட் பல்பு எரியும் தகரப் பெட்டிக்குள் ஒரு நாள் காயவைத்தார்கள். மறுநாள் சீரிஸில் ஒரு பல்பு வைத்துச் சோதனை. பல்பு ஒரு கணம் மினுங்கி அடங்கியது; எரிந்துகொண்டே இருந்திருந்தால் எங்கோ ஷார்ட் என்று பொருள். 450 வோல்ட் தாங்கும் புதுக் கண்டன்சர்கள், ஒரு ஃபியூஸ், பழைய இரண்டு முள் பிளக்குக்குப் பதில் மூன்று முள், சேசிஸுக்கு எர்த். கிடார் கம்பியில் கையும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் படுகிறவனுக்கு அந்த மூன்றாவது முள் உயிர்க்காப்பு.

ஒரு மணி நேரம் வாசித்தான். நடுநடுவே பெரியவர் புறங்கையை டிரான்ஸ்ஃபார்மரில் வைத்துப் பார்த்தார். நானும் வைத்தேன். காய்ச்சல்கூட இல்லை, வெதுவெதுப்புத்தான். சத்தம் முன்பிருந்த அளவே. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

வாசிப்பதை நிறுத்தியதும் மிச்சமாக ஒரு மெல்லிய ரீங்காரம். ஸ்பீக்கரில் காது வைத்தால்தான் கேட்கும். பையன் தடித்த கம்பியின் மூன்றாம் கட்டத்தை அழுத்தித் தட்டினான். அது ஜி, 98 ஹெர்ட்ஸ். 50 சைக்கிள் மின்சாரத்தை டிசியாக்கினால் மிஞ்சுகிற ரீங்காரம் 100. இரண்டும் மோதி, நொடிக்கு இரண்டு தரம் அலையடித்தன.

"அது அத்திப்பட்டு சத்தம். நம்மால நிறுத்த முடியாது" என்றார் பெரியவர். பையன் கம்பியைச் சற்றே முறுக்கினான். அலை மெதுவாகி நின்றது.